கசிவு சோதிப்பவள்

டெல்ஃப்சைல் துறைமுகத்தில் காற்று
ஒருநாளும் விடுப்பு எடுப்பதில்லை.
நகராட்சிக் கூடத்தில் பதினோரு கம்பெனி:
எரிபொருள் கலம் செய்பவர், படகு கட்டுபவர்,
வால்வு வியாபாரி ஹார்மானுஸ்,
இன்னும் எதுவும் செய்யாத ஒருவர்.
திரையில் வட்டங்களை அம்புகள் இணைத்தன.
யாரும் யாரிடமும் விலை சொல்லவில்லை.

நான் எல்ட்யே. கசிவு சோதிப்பவள்.
முன்பு இந்த மண்ணின் வாயுவுக்கு.
உறிஞ்ச உறிஞ்ச மண் அமர்ந்து
என் சமையலறைச் சுவர் பிளந்தது.
பிளவு நீளும்போதெல்லாம் பென்சிலால் தேதி போட்டேன்,
நஷ்டஈட்டு அதிகாரி கேட்பாரே என்று.

இப்போது அதே குழாய்க்கு வேறு விருந்தாளி.
ஹைட்ரஜனைப் போல் சின்னது எதுவுமில்லை.
மணமில்லை, நிறமில்லை,
பற்றி எரிந்தாலும் பகலில் கண்ணுக்குத் தப்பும்.
பழைய வாயு அடங்கி நின்ற மூட்டில்
இது சொல்லாமல் நழுவிவிடும்.

"எங்க பிள்ளைங்க மாதிரி" என்றார் படகுக்கார வீபோ.
அவர் மகள் ஐந்தோவனில், மகன் ஹாம்பர்கில்.
யாரும் சிரிக்கவில்லை.

ஹார்மானுஸ் பையிலிருந்து ஒரு வால்வை எடுத்து
காப்பிக் கோப்பைகளுக்கு நடுவில் வைத்தார்.
"ஒன்பது முறை சோதித்தோம். கசிகிறது.
ஏனென்று தெரியவில்லை."

நாற்காலிகள் நகர்ந்தன.
"எங்களுடையதும்" என்றார் வீபோ.
"எந்த அழுத்தத்தில்?" என்றது
அதுவரை வாய் திறக்காத மூலை.
இருபத்தேழு வருடம் கசிவை அடைத்தவள் நான்,
அந்த ஒன்றை விட்டுவிட்டேன்.

ஒப்பந்தம் எதுவும் எழுதவில்லை.
வால்வை யாரோ வீட்டுக்குக் கொண்டுபோனார்கள்.

அன்றிரவு சுவரருகே தேதி போட்டேன்.
பிளவு நீளவில்லை.
எதற்குப் போட்டேன்?