நான்கு டெசிபல்

ஏகாம்பரகுப்பத்தில் எட்டுத் தறிக்கு நடுவே
ஹிமபிந்து ஒரு கருவியை நீட்டி நின்றாள்.
தொண்ணூற்றெட்டு என்றது.
"அதிகமா?" என்றேன். அவளுக்குக் கேட்கவில்லை.
எனக்கே கேட்கவில்லை.

மூன்று மாதம் வந்தாள், திருப்பதி பஸ்ஸில்.
முதலில் வைத்த தேங்காய்நார்
எண்ணெய் குடித்து அழுகியது.
பிறகு பஞ்சர் கடை மஸ்தானிடம்
லாரி டயர் வெட்டி வாங்கி
ஒவ்வொரு தறியின் காலடியிலும் செருகினாள்.
தொண்ணூற்று நான்கு.

நாலுக்கா இவ்வளவு பாடு என்று முதலாளி சிரித்தார்.
நாலு என்றால் பாதிக்கும் மேல் போயிற்று என்றாள்.
அந்தக் கணக்கு எனக்குப் பிடிபடவில்லை.

ஆனால் நேற்று
இழை அறுமுன் நாடா ஒருமுறை விக்கியது.
கேட்டு, நிறுத்தினேன்.

வீட்டில் இன்னும் கத்தித்தான் பேசுகிறேன்.
தாட்சாயணி காதைப் பொத்திக்கொண்டு
"பக்கத்திலதான்யா இருக்கேன்" என்கிறாள்.