பன்னிரண்டு கிலோ

வூச் நகரில் முப்பத்தொரு வருடம் டிராம் ஓட்டியவன் நான்.
எத்தனை டன் இரும்பை நிறுத்தியிருப்பேன், கணக்கில்லை.
போன நவம்பரில்
குளியல் தொட்டியிலிருந்து
என்னை என்னால் எடுக்க முடியவில்லை.

தண்ணீர் ஆறிப்போனது.
சுவரைத் தட்டித் தட்டிக் கை சிவந்த பிறகு
பக்கத்து வீட்டு பொகுமிவா வந்தாள்,
கண்ணை இறுக மூடிக்கொண்டு கை கொடுத்தாள்.
அவளுக்கு எழுபத்தெட்டு. நான் மூன்று வயது மூத்தவன்.
"செவ்வாய், வெள்ளி. பள்ளிக்கூடத்து அடித்தளம். வந்துவிடு"
என்றாள், கண்ணைத் திறக்காமலே.

முதல் நாள் வெறும் கம்பி.
மூன்றாம் வாரம் நான்கு கிலோ.
தசை இன்னும் வளரவில்லை என்றான் பயிற்சியாளன்,
நரம்பு கூப்பிடத் தொடங்கியிருக்கிறது,
தூங்கிக் கிடந்த இழைகள்
ஒவ்வொன்றாய் எழுந்து ஆஜர் சொல்கின்றனவாம்.
எனக்குக் கேட்டதெல்லாம் முழங்காலின் முனகல்.

வலித்தது. பொய் சொல்ல மாட்டேன்.
மாடிப்படியை உட்கார்ந்தே இறங்கிய புதன்கிழமைகள் உண்டு.

பொகுமிவா எடை தூக்கும்போது
நெசவாலையின் செத்துப்போன மேஸ்திரிகளைப்
பேர் சொல்லித் திட்டுவாள்.
தூக்கு ஒன்றுக்கு ஒரு மேஸ்திரி.
பன்னிரண்டு கிலோவுக்கு ஆள் போதாமல்
மேனேஜரையும் சேர்த்துக்கொண்டாள்.

நேற்று தொட்டியை நிரப்பினேன்,
வெதுவெதுப்பாய், கழுத்துவரை.
கதவைத் தாழிடவில்லை;
அவ்வளவு தைரியம் இன்னும் வரவில்லை.
விளிம்பைப் பிடித்தேன், விட்டேன்.
இரண்டு தொடையும் உதற
எழுந்து நின்றேன், சொட்டச் சொட்ட.

சுவரில் மூன்று தட்டு.
அந்தப் பக்கமிருந்து
ஒரு கெட்ட வார்த்தை வந்தது,
மேஸ்திரிகளுக்கு மட்டும் வைத்திருந்தது.