பெயர் வைக்காத மைல்கள்

விதிப்புத்தகம் என் கோட்டுப் பையில் இருக்கிறது.
காப்பி சிந்திய பக்கம் தானாகவே திறந்துகொள்ளும்.
இருபத்தைந்து மைல் முதல் முப்பத்தைந்து வரை
ஓடினால் குறுந்தொலைவு.
ஐம்பதைத் தொட்டால்தான் தாக்குப்பிடித்ததாகப் பேர்.
நடுவில் கிடக்கும் பதினைந்து மைலுக்கு
யாரும் பெயர் வைக்கவில்லை.
பதினோரு வருடமாக இங்கே நாடி எண்ணுகிறேன்.
இதை ஒருமுறையும் யோசித்ததில்லை,
போன அக்டோபர் வரை.

நெவாடாவின் வடக்கில்
உப்புப் பூத்த வெள்ளைத் தரை.
விடியலில் வாளித் தண்ணீர்மேல் கண்ணாடியாய்ப் பனி,
குதிரைகள் மூக்கால் அதை உடைக்கின்றன.
ஐம்பதுகாரர்கள் ஆறரைக்குக் கிளம்பினார்கள்.
சேஜ் புதர்களுக்குள் வால்கள் மறைந்த பிறகும்
குளம்புச் சத்தம் கொஞ்ச நேரம் தரையில் இருந்தது.
எட்டுக்குக் குறுந்தொலைவு.

என் வேலை சின்னது.
முன்னங்கால் முழங்கைக்குப் பின்னால், இடது பக்கம்,
வியர்வையில் பிசுபிசுக்கும் இடத்தில் ஸ்டெதாஸ்கோப்.
பதினைந்து நொடி. வந்ததை நாலால் பெருக்கு.

குறுந்தொலைவுக்கு ஒரு விசித்திர விதி உண்டு:
கோட்டைத் தாண்டினால் ஓட்டம் முடிவதில்லை.
குதிரையின் இதயம் அறுபதுக்கு இறங்கும் அந்த நொடியில்தான்
கடிகாரத்தை நிறுத்துவார்கள்.
பார்க்க வேடிக்கையாக இருக்கும்.
பாய்ந்து வந்தவர்கள் திடீரென்று சாதுவாகி,
சேணம் கழற்றி, கழுத்தில் தண்ணீர் ஊற்றி,
காதருகே ஏதோ முணுமுணுத்தபடி
நின்றுகொண்டே பந்தயம் ஓடுவார்கள்.
கேயோ ஆல்பெர்டி என்ற பையன், பன்னிரண்டு வயது,
முதலில் வந்து ஐந்தாவதாக முடித்தான்.
அவன் குதிரை ஒரு லாரியைப் பார்த்து மிரண்டுவிட்டது.

மேலிஸ் கோயனெச்சே ஐம்பதில் இருந்தாள்.
ஆட்டுமந்தைக் குடும்பத்துப் பாஸ்க்குக்காரி,
பேச்சு கம்மி, கையுறை எப்போதும் ஒன்றுதான் இருக்கும்.
சாம்பல் பெண்குதிரை, ஜூனிபர்.
நாற்பத்தொன்றாவது மைல் சோதனைக்கு
மூன்று மணிக்கு வந்தார்கள்.
பதினான்கு துடிப்பு. ஐம்பத்தாறு.
கால் சரி, நடை சரி, குடல் சத்தம் சரி.
டாக்டர் லண்ட்க்விஸ்ட் அட்டையில் கையெழுத்துப் போட்டார்:
போகலாம்.

மேலிஸ் போகவில்லை.
தொட்டியையே பார்த்துக்கொண்டு நின்றாள்.
"குடிக்க மாட்டேங்கிறாளே" என்றாள்.
சோதித்தது எல்லாம் நன்றாகத்தானே இருக்கிறது என்றேன்.
"ஆமாம். எல்லாம் நன்றாக இருக்கிறது.
ஆனால் குடிக்கவில்லை."
மீதி ஒன்பது மைல்.
கையில் மூன்றரை மணி நேரம்.
மடியில் மாவைக் கட்டிக்கொண்டு நடந்தாலும்
போய்ச் சேர்ந்துவிடலாம்.

தலைக்கயிற்றை அவிழ்த்து நீளமாக விட்டாள்.
"எழுதிக்கொள்" என்றாள்.

எழுதினேன்:
ஓட்டுநர் தாமாக விலகல்.
அதற்கு எதிரே மைல் கட்டம்.
நாற்பத்தொன்று என்று போடக் கை போனது,
ஆனால் அங்கே போட வேண்டியது பூஜ்யம்.
ஐம்பதுக்குப் பேர் கொடுத்தவள்
ஐம்பதில்தான் முடிக்கவேண்டும்.
காலையில் இருபத்தைந்து ஓடிய பையனுக்கு இருபத்தைந்து,
புது வாளி ஒன்று, கைதட்டல்.
அவனிடம் எனக்குக் கோபமில்லை.
விதியிடமும் இல்லை,
எங்கேயாவது ஒரு கோடு போடத்தானே வேண்டும்.
பூஜ்யத்தைக் கொஞ்சம் பெரிதாகப் போட்டேன்,
அவ்வளவுதான்.

ஏழு மணிக்கு ஜெனரேட்டர் சத்தத்துக்கு நடுவே
சாப்பாடு, பரிசு, ஒலிபெருக்கியின் கரகரப்பு.
நான் தட்டை எடுத்துக்கொண்டு
டிரெய்லர் வரிசைக்குப் பின்னால் போனேன்.
ஜூனிபர் போர்வைக்குள் நின்றிருந்தது.
மேலிஸ் கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்து
பீன்ஸ் தின்றுகொண்டிருந்தாள். என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.
குதிரை தலையைத் தாழ்த்தியது.
உதடு தண்ணீரைத் தொட்டது, நின்றது,
பிறகு இழுத்தது.

விழுங்கும் ஒவ்வொரு மடக்கும்
கழுத்தின் அடியில் எலி ஓடுவதுபோல் மேலேறியது.
பழக்கதோஷம், எண்ணிவிட்டேன்.
முப்பத்தெட்டு.
நாலால் பெருக்கவில்லை.
"இன்னும் பீன்ஸ் இருக்கிறதா அங்கே?" என்றாள் மேலிஸ்.
என் தட்டை நீட்டினேன்.