ஏணியோடு வருபவள்

பாடாங் செராயில் மூன்று பேர் இருக்கிறார்கள்.
நான்காவது ஆள் லூனாசில்.
கார் வாங்கிய பிறகு அவன் போனை எடுப்பதில்லை.

எனக்குக் கையுறைத் தொழிற்சாலையில் வேலை.
ஒன்பது வருடமாகக் காற்றடைத்த கையுறையை
விளக்குக்கு நேரே பிடித்து
ஊசிமுனை ஓட்டை தேடுகிறவள்.
அதனால் முதல் ஆளிடம் சொன்னேன்:
தம்பி, அழகான படம் வேண்டாம்.
ஒரே கல்யாணம், பந்தி முடிந்து
மேசைத் துணி உருவும் வரைக்கும்
எல்லாவற்றையும் காட்டு.
அவனிடம் இருந்தது பன்னிரண்டு படம்.
பன்னிரண்டிலும் அதே செம்பனை வரிசை,
அதே வாடகைப் புகை.
மணப்பெண் மட்டும் வேறு வேறு.

இரண்டாவது கடை பேருந்து நிலையத்துக்கு எதிரே.
குளிர்சாதனம், கண்ணாடி மேசை, குடிக்க மைலோ.
சுவரில் என் சித்தி மகள் பூவிழி.
அவள்தான் என்று கண்டுபிடிப்பதற்குள்
மைலோ ஆறிவிட்டது.
இவள் கறுப்பு எங்கே அண்ணே?
"கொஞ்சம் ஏற்றிக் கொடுப்போம். அது இலவசம்தான்."
மேசைக்கடியில் என் முழங்கையைத் தடவிப் பார்த்தேன்.
இருந்தது.

மூன்றாவது ஒரு பெண், யோகமலர்.
தாமான் வீட்டு முன்கூடம்தான் கடை,
துவைக்கும் இயந்திரம் நடுங்கிக்கொண்டே இருந்தது.
கேள்விகளைத் தாளில் எழுதிப் போயிருந்தேன்.
கேமரா எத்தனை, நகல் எங்கே வைப்பாய்,
டேவானில் மின்சாரம் போனால்?
உனக்குக் காய்ச்சல் வந்தால்?
"கூலிம் மேகலா வருவாள். இப்போதே கூப்பிட்டுப் பாருங்கள்."
கூப்பிட்டேன். எண்ணெய் பொரியும் சத்தத்துக்கு நடுவே
வருவேன் அக்கா என்றது ஒரு குரல்.

மழையில் நடந்த கல்யாணம் ஒன்றைத் திறந்தாள்.
எண்ணூற்றுச் சொச்சம் படம்,
நடுவில் ஒன்று முழுக்க யாரோ ஒருவரின் முதுகு.
"தாலி கட்டும் நொடி அக்கா. தவறவிட்டுட்டேன்.
அதுக்கப்புறம் ஏணி இல்லாமல் போறதில்லை."
துணிக்கொடிக்குப் பக்கத்தில் சாய்ந்திருந்தது,
அலுமினிய ஏணி.

பிறகு அவள் கேட்டாள்:
யார் பக்கத்தில் யார் நிற்கக் கூடாது?

என் தாளில் இல்லாத கேள்வி.
அப்பா, என்றேன்.
அப்பாவின் இன்னொரு வீடு.
கோயில் கமிட்டித் தேர்தலோடு பேச்சை நிறுத்திய மாமா.
எழுதிக்கொண்டாள், முகத்தை நிமிர்த்தாமல்.
"அம்மாவைக் கூட்டம் வருமுன்னே
தனியா எடுத்துடலாம்."

மற்றவர்களைவிட முந்நூறு ரிங்கிட் அதிகம்.
பேரம் பேசினேன், பேசாமல் எப்படி?
ஐம்பது குறைந்தது.

வாசல் வெளிச்சத்தில் நிறுத்தி
சோதனைக்கு ஒன்று எடுத்தாள்.
இரவு வேலை முடிந்து வந்த முகம்,
நெற்றியில் தலைவலை பதிந்த கோடு.
கையுறையைப் பார்ப்பது போலவே பார்த்தேன்.
என் அம்மாவின் கறுப்பு
ஒரு சொட்டும் ஒழுகியிருக்கவில்லை.
இந்தக் கோட்டை எடுத்துடவா, என்று கேட்டாள்.
கேட்டாளே.
இருக்கட்டும் என்றேன்.

முன்பணம் இருநூறு.
ரசீதில் அமிர்தவல்லி என்று எழுதியிருந்தாள்.
அமிழ்தவல்லி, தங்கச்சி.
திருத்தி வாங்கிக்கொண்டுதான் மோட்டாரை எடுத்தேன்.