கேட் நோட்டு

காலை ஏழு பத்து. கருங்கல் போகும் முதல் பஸ் காலியாய்ப் போகிறது.
அண்டி ஆபீஸ் வாசலில் முந்நூறு பேர்.
போனஸ் அறிவிக்காத மூன்றாவது நாள்.
அண்டி தல்லிக் கறுத்த விரல்களால்
கேட்டுக் கம்பியைப் பிடித்திருக்கிறார்கள்.

லத்தியை அறைக்குள் சாத்திவிட்டு வந்தேன்.
கையில் இருந்தால்
அது தனக்கொரு வேலை தேடும்.
மத்திய ரிசர்வ் போலீசில் பதினேழு வருஷம்;
கற்றதில் மிஞ்சியது இவ்வளவுதான்.

மாடியிலிருந்து மானேஜர் போன் செய்கிறார்:
"வெளிக்குழாயைப் பூட்டும்வே.
தாகம் எடுத்தா தானா போவாளுவ."
சரி சார் என்றேன்.
சாவி பாக்கெட்டில் கிடந்தது. குழாய் ஓடிக்கொண்டிருந்தது.

எட்டரைக்குத் தூத்துக்குடி லாரி,
கழுத்துவரை மூட்டை.
டிரைவருக்கு ஒன்றும் தெரியாது, ஹாரன் அடித்தான்.
கூட்டம் இறுகியது.
தாசபாக்கியம் முன்டயருக்கு நேரே உட்கார்ந்தாள்,
சேலையை ஒதுக்கிக்கொண்டு, அவசரமில்லாமல்,
தினமும் தல்லுகிற கல்லின் முன் உட்காருவதுபோல.

நான் அவளிடம் போகவில்லை.
டிரைவரிடம் போனேன்.
"வண்டியை ஆஃப் பண்ணும் அண்ணாச்சி,
அந்தக் கடையில ஏத்தம்பழ பஜ்ஜி சூடா போடுகான்."

எஞ்சின் அடங்கியது.
அந்த அமைதியில்தான் கல் வந்தது.

என் அறைக் கண்ணாடி.

முந்நூறு பேரும் என்னையே பார்க்கிறார்கள்.
வலது கை தானாக இடுப்புக்குப் போய்
இல்லாத லத்தியைத் தடவியது.
பதினொன்றுவரை எண்ணினேன்.
பிறகு துடைப்பத்தை எடுத்துப் பெருக்கத் தொடங்கினேன்.
பெருக்குகிறவனை யாரும் அடிப்பதில்லை,
அடித்தாலும் குனிந்திருப்பேன், பாதிதான் படும்.

கம்பிக்கு அந்தப் பக்கம் ஒரு குரல்:
"காலு பாத்து அண்ணே, சில்லு கெடக்கு."

நோட்டில் எழுதினேன்:
8.52. கல் ஒன்று. கண்ணாடி ஒன்று. காயம் இல்லை.
எறிந்தவர் பெயர் என்ற கட்டத்தில்
பேனா நின்றது.
ஓங்கிய கையைப் பார்த்தேன்தான். கறுத்த கை.
அப்படிக் கை இந்த வாசலில் அறுநூறு.
"விரல் கறுத்தவர்" என்று எழுதிக்
கையெழுத்துப் போட்டேன்: தபசிமுத்து, காவலர்.

எங்கள் ஏஜென்சி இரண்டு மாசமாய்ச் சம்பளம் போடவில்லை.
அதற்கு நோட்டில் கட்டம் கிடையாது.

பன்னிரண்டு மணிக்கு யூனியன்காரி மேரி ஹெலனையும்
இன்னும் இரண்டு பேரையும் பேச்சுக்கு மேலே கூப்பிட்டார்கள்.
சிறு கதவைத் திறந்துவிட்டேன்.
பையைச் சோதிக்கவில்லை. டிபன் பாத்திரம் தெரிந்தது.

மறுபடியும் போன்.
"கண்ணாடி இருக்கட்டும். குழாயைப் பூட்டியாச்சா?"
பூட்டு துருப்பிடிச்சிருக்கு சார்,
எண்ணெய் விட்டிருக்கேன், ஊறணும் என்றேன்.