வயல் எவ்வளவு பெரிசு

முப்பத்தொரு வருடம் கழித்துக் கடைக்குள் போனேன்.
கல்லாவில் இருந்த பிரெட்டா
எவ்வளவு செலவழிப்பீர்கள் என்று கேட்கவில்லை.
"உங்க வயல் எவ்வளவு பெரிசு?" என்றாள்.

வயல் என்னுடையதில்லை.
நான் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள், நெப்ராஸ்காவின் மேற்கு ஓரத்தில்.
கோதுமை அறுத்து, தாளடி மட்டும் நிற்கும்
நூற்றறுபது ஏக்கர். லாயிட் ஹூபெர்ட்டுடையது.
மேற்கே நெடுஞ்சாலை.
கிழக்கே அவர் மாடுகள்.
வடக்கே சூரியகாந்தி, ஆளுயரத்துக்கு.
தெற்கே ஒன்றுமில்லை,
அந்த ஒன்றுமில்லாதது கொலராடோ வரை போகிறது.

ஏன் விட்டாய் என்று கேட்டால் சொல்லக் கதை கிடையாது.
ஒரு அட்டைப்பெட்டி.
அதன்மேல் இன்னொரு பெட்டி.
அவ்வளவுதான்.

சி மோட்டாரில் விட்டுப்போனவள் நான்.
ஒவ்வோர் எழுத்தும் முந்தியதைப்போல் இரு மடங்கு:
எஃப் என்றால் எட்டு,
ஜி என்றால் பதினாறு.
இடைப்பட்ட காலத்தில் என்னிடம்
வேறெதுவும் அந்தக் கணக்கில் ஏறவில்லை,
சம்பளம் உட்பட.

பிரெட்டா இரண்டைக் கண்ணாடிமேல் வைத்தாள்.
ஒன்று ஒல்லி. கண்ணாடியிழை உடம்பு,
கத்திபோல் மூன்று துடுப்பு.
ஜி-யைச் செருகினால்
ஒரு கிலோமீட்டரைத் தொட்டுவிடுமாம்.
இன்னொன்று குண்டு.
வெந்நீர்க் கொதிகலனுக்குக் கூம்பு வைத்த மாதிரி.
ஒட்டுப்பலகைத் துடுப்பு, படுக்கை விரிப்பளவு பாராசூட்.
எஃப் போட்டாலும் இருநூறு மீட்டர்,
அதுவும் மனமிருந்தால்.

பத்தொன்பது வயதில்
ஒல்லிகளை மட்டுமே வாங்கினேன்.
சீறும். ஒரு புகைக்கோடு. பிறகு வானம்.
வாயைத் திறந்தபடி நிற்போம்,
திரும்பி வராததுதான் வெற்றி என்று நினைத்துக்கொண்டு.

இப்போது எனக்கு இரட்டைக் கண்ணாடி.
பார்வை அதன் கோட்டைத் தாண்டும்போது
உலகம் ஒருமுறை குதிக்கிறது.
குண்டை எடுத்தேன்.

சமையல் மேசையில் பதினொரு நாள்.
எப்பாக்ஸி காய்வதற்குள் நான் மூன்று முறை தொட்டுப் பார்த்ததற்கு
இடது துடுப்பில் இன்னும் ரேகை இருக்கிறது.
மோட்டார் தாளில் எழுத்து, எண், சிறு கோடு, பிறகு ஓர் எண்:
எரிந்து முடிந்தபின் எத்தனை நொடி சும்மா போகவேண்டும்.
நான்கா, ஆறா?
ஆறு என்றால் திரும்பி விழத்தொடங்கிவிடும்.
நான்கு வாங்கினேன்.
சும்மா இருப்பதற்கு இவ்வளவு துல்லியமாக
யாரும் என்னைக் கணக்குப் போடச் சொன்னதில்லை.

ஞாயிறு, காலை ஆறரை. வடகாற்று, மெல்ல.
லாயிட் டிரக்கின் பின்கதவில் உட்கார்ந்து
வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார்.
ஐந்து, நான்கு, மூன்று, இரண்டு, ஒன்று.

ஒன்றுமில்லை.

ஒரு நிமிடம் காத்திருக்கவேண்டும், அது விதி.
அறுபது நொடி.
தூரத்தில் ஒரு மாடு கத்தியது.
போய்ப் பார்த்தேன்: கம்பிப் பிடி நழுவியிருந்தது.

இரண்டாம் முறை அது எழுந்தது.
எழுந்தது என்று சொல்லலாம், பாய்ந்தது என்று சொல்ல முடியாது.
தண்டை விட்டு, தன் புகையை விட்டு,
போகிறது, அதோ போகிறது என்று
இரண்டு முறை சொல்ல நேரம் கொடுத்து.
கண்ணாடிக் கோட்டில் ஒரு குதி,
அப்புறமும் அங்கேதான் இருந்தது.
உச்சியில் ஒரு கணம் யோசித்தது.
டப்.
ஆரஞ்சு விரிந்தது.

காற்று அப்போது பார்த்துத் திசை மாறியது.
தெற்கே இருந்த ஒன்றுமில்லாததை விட்டு
வடக்கே போய் இறங்கியது,
சூரியகாந்திகளுக்கு நடுவே.
நாற்பது நிமிடம் தேடினேன்.
பூக்களின் தலைகள் என் தோளில் இடித்தன,
மகரந்தம் கண்ணாடி முழுக்க.
ஒரு துடுப்பு விரிசல். மற்றபடி முழுசு.

"இதைவிட உயரமா போறது கிடையாதா?"
என்றார் லாயிட்.

பதில் சொல்லவில்லை.
பிரெட்டாவுக்கு மட்டும் தெரியும்:
ஒல்லியையும் வாங்கிவிட்டேன்.
துணி உலர்த்தும் மெஷினுக்கு மேலே இருக்கிறது, பெட்டி பிரிக்காமல்.

அடுத்த வருடம் வடக்கிலும் கோதுமைதானாம்.
முந்நூற்றிருபது ஏக்கர்.