கையெழுத்துப் போட்டு வாங்கியது

முதலில் சட்டைப் பையில் வைத்தேன்.
செம்பனை வரிசையில் குனியாமல் நடக்க
யாராலும் ஆகாது.
மட்டைக்குக் குனிந்தேன், முள்ளுக்குக் குனிந்தேன்,
மூன்றாவது ஓடையைத் தாண்டும்போது
அது எனக்கு முன்னால் தாண்டியது.

தோள்வரை கை விட்டுத் துழாவி எடுத்தேன்.
சேறு வழியும் திரையில்
ஏழு துணைக்கோள் என்று காட்டிக்கொண்டு
சாவகாசமாகக் கிடந்தது.

பிறகு காற்சட்டைப் பை. உட்கார்ந்தால் பிதுங்கியது.
பிறகு கழுத்துக் கயிறு.
பதினாலாம் பிளாக்கில் ஒரு மட்டை அதைப் பிடித்திழுத்து
என்னை நிறுத்தி விசாரித்தது.
பிறகு தொப்பிக்குள்,
வானத்துக்குக் கிட்டத்தில் இருக்கட்டுமே என்று.
வியர்வையைக் குடித்து அணைந்துபோனது.

கடைசியில் ரெங்கம் டவுனில்
ரயில் நிலையத்துப் பக்கத்து இரும்புக் கடையில்
மூன்று வெள்ளி அறுபது காசுக்குத் தூண்டில் நரம்பும்
இரண்டு வெள்ளிக்கு ஒரு கொக்கியும்.
என்ன மீன் என்றார் தவுக்கே.
ஆயிரத்து நானூறு வெள்ளி மீன் என்றேன்.

அதுதான் விலை.
கிராணி சந்தனசாமியின் நீலப் பேரேட்டில்
ஒவ்வொரு காலையும் என் பெயர், கருவி எண், பேட்டரி இரண்டு.
தொலைந்தால் சம்பளத்தில் பிடித்தம்
என்ற வரிக்குக் கீழே
என் கையெழுத்து.

குணாளன் இன்னும் கட்டிக்கொண்டிருக்கிறான்.
மாதம் நூறு, தீபாவளி மாதம் மட்டும் விலக்கு.
"அது எங்க கிடக்குன்னு அதுக்குத் தெரியும்ல?
ஒரு வார்த்தை சொன்னா என்ன?"
பசியாறும்போது ரொட்டியைப் பிய்த்தபடி கேட்பான்.
அது சொல்லாது.
வெறும் காது அது.
வாய் வைத்துச் செய்யவில்லை.

அனிசூர்தான் எனக்கு முடிச்சுப் போட்டுத் தருவான்.
மரங்களுக்கு வெள்ளைச் சாயத்தில் எண் எழுதுகிறவன்.
மலாயில் என்னை 'காக்' என்பான்;
தூரத்திலிருந்து கேட்டால்
காக்கை கூப்பிடுவது போலிருக்கும்.
பரிசாலில் படகுக்குப் போடும் முடிச்சாம்.
இடுப்பு வாரில் ஒன்று, கருவியின் காதில் ஒன்று,
நடுவில் கை நீட்டும் அளவுக்குத் தளர்வு.
இறுக்கிக் கட்டினால் அறுந்துவிடும், காக்,
கொஞ்சம் போக விடு, தானே வரும்.
மிச்சத்தைப் பல்லால் வெட்டி
மடித்துப் பையில் வைத்துக்கொள்வான்.

மாலை ஐந்து மணிக்கு ஆபீஸ் இரும்பு அலமாரி திறக்கும்.
சாவியைச் சந்தனசாமி
சங்கிலி போட்டு இடுப்போடு வைத்திருக்கிறார்.
மேல் தட்டில் கருவிகள் ஐந்து,
மூன்றாம் எண்ணின் இடம் காலி.
கீழ்த் தட்டில் ரப்பர் வளையம் போட்டுக் கட்டுக்கட்டாகப்
பச்சைக் கடவுச்சீட்டுகள்.
"எல்லாம் பத்திரத்துக்குத்தான்.
கையில குடுத்தா தொலைச்சிருவானுங்க."
யாரும் கேட்காமலே சொல்வார்.

சாய டப்பாவின் மூடியைக்கூட
அனிசூர் தொலைத்து நான் பார்த்ததில்லை.

ஒருநாள் அவர் டீ வாங்கப் போன நேரத்தில்
பேரேட்டைப் பின்பக்கமிருந்து புரட்டினேன்.
கருவிக்கு எடுத்த நேரம், திருப்பிய நேரம்,
நடுவில் நேராக ஒரு கோடு.
கடவுச்சீட்டுக்குப் பெற்ற தேதி மட்டும்.
திருப்பிய தேதிக்குக்
கோடே கிழிக்கவில்லை.

நேற்று மழை வருவதற்குள்
கொக்கியைக் கழற்றிக் கருவியை அவனிடம் கொடுத்தேன்.
உள்ளங்கையால் வெயிலை மறைத்து
எழுத்துக்கூட்டிப் படித்தான்:
வடக்கு ஒன்று, கிழக்கு நூற்று மூன்று,
அப்புறம் புள்ளிக்குப் பிறகு வரும் நீளமான வால்.
"இது சரியா, காக்?"
மூணு மீட்டர் முன்னே பின்னே இருக்கும் என்றேன்.
அவ்வளவுதானா என்பதுபோல் சிரித்தான்.

சாயம் பட்ட காகிதத் துண்டில் எழுதி
நான்காக மடித்து
பிளாஸ்டிக் உறையில் சுருட்டி
மிச்சம் வைத்திருந்த நரம்பால்
சட்டைக்குள்ளே கட்டிக்கொண்டான்.

எனக்குப் போட்டுத் தந்த முடிச்சில்லை அது.
தளர்வே விடவில்லை.